கெடாத் தோட்டத்து அடுப்பு



சுங்கைப் பட்டாணி நகரில் மாலை வேளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசையில் மூன்று தலைமுறையினர் அமர்ந்திருக்கின்றனர். பேரன் அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு தட்டு கேட்கிறான். தேங்காய்த் துருவலும் நெத்திலிச் சம்பலும் உடன் வருகின்றன. பையன் ஆவலோடு அள்ளி உண்கிறான். பக்கத்தில் இருக்கும் தொண்ணூறு வயதுப் பாட்டியிடம், "நீங்களும் சாப்பிடுங்கள் பாட்டி" என்று தட்டை நகர்த்துகிறான். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "எனக்கு வேண்டாம் ஐயா. இதை நான் ஒரு காலத்தில் தின்று முடித்துவிட்டேன்" என்கிறார்.

இஃது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் கெடா மாநிலத்தில் தோட்டத்துப் பரம்பரையில் வந்த குடும்பங்களுக்கு இது புதிய காட்சியன்று. ஒரே கிழங்கு ஒருவருக்குத் தின்பண்டமாகவும் மற்றொருவருக்குத் துன்ப நினைவாகவும் இருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை சமையற் குறிப்பில் இல்லை; வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் காண இருக்கிறோம்.

அரசர்களின் பெயரும் போர்களின் ஆண்டும் மட்டுமே வரலாறு என்று நாம் பள்ளியில் படித்துவிட்டோம். ஒரு மக்கள் கூட்டம் எதை உண்டது, எதை உண்ண முடியாமல் போயிற்று, எவரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டது என்பதும் வரலாறே. தோட்டத்து அடுப்பைப் பொறுத்தவரை ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டிக்குள் என்ன விழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தொலைவில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். கப்பலும் சட்டமும் போரும் தீர்மானித்தன. ஆனால் விழுந்ததை எப்படி உணவாக்குவது என்பதை அடுப்படியில் நின்ற பெண் தீர்மானித்தாள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கெடாத் தமிழரின் சமையல்.

கெடாவுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. பட்டினப்பாலை என்னும் சங்க நூல், காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்திருந்த பண்டங்களுள் காழகத்துப் பொருள்களையும் கூறுகிறது. காழகம் என்பது கடாரமே என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கொண்டார். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. மெர்போக் வட்டாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களை இன்றும் நாம் காணலாம். எனினும், சோழர் காலத்து வணிகரின் நேர் வாரிசுகள் அல்லர் தோட்டத்துத் தமிழர்கள். அவர்கள் வேறொரு காலத்தில், வேறொரு காரணத்துக்காக வந்தவர்கள். அந்தக் காரணத்தின் பெயர் ரப்பர்.

1909ஆம் ஆண்டு பிரிட்டனும் சயாமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அது ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் எனத் தென் கெடாவெங்கும் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அதற்கு முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, தென் கெடாவில் சீன முதலாளிகள் பெரும் பரப்பில் பயிரிட்ட பயிர் எது தெரியுமா? நம் பாட்டி ஒதுக்கிவைத்த மரவள்ளிதான்!

இன்னொரு வியப்பும் உண்டு. ரப்பரும் மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. தாவரவியலார் இரண்டையும் ஆமணக்குக் குடும்பத்தில் சேர்க்கின்றனர். இரண்டின் தண்டைக் கீறினாலும் பால் வடியும். ஒன்று தமிழனை இந்த மண்ணுக்கு அழைத்து வந்தது. மற்றொன்று அவன் பட்டினி கிடந்த நாளில் உயிரைப் பிடித்து வைத்தது. ஆம், இரண்டு பால் மரங்களுக்கு இடையில் அமைந்த வாழ்வு அது.

தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பைக் கங்காணிகள் ஏற்றனர். வழிச்செலவுக்கு என்றே 1907ஆம் ஆண்டு ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழகத்துத் துறைமுகங்களில் கப்பலேறியவர்கள் பினாங்கை அடைந்து, ஜெரஜாக் தீவின் தொற்றுத் தடுப்பு முகாமில் தங்கி, பிறகு கெடாவின் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்கள் கொண்டுவந்த மூட்டை சிறியது. ஆனால் நாக்கின் பழக்கம் ஒன்றைப் பெரிதாகக் கொண்டுவந்தார்கள். அது புழுங்கலரிசிப் பழக்கம்.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது? கெடாவை மலாயாவின் நெற்களஞ்சியம் என்பார்கள். அலோர் ஸ்டாரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. 1885இல் வெட்டத் தொடங்கிய வான் முகமது சமான் கால்வாய் அந்தச் சமவெளியின் பெருமைக்குச் சான்று. ஆயினும் மலாயா முழுவதற்கும் அந்த நெல் போதவில்லை. நாட்டின் அரிசித் தேவையில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதியாயிற்று. எனவே, நெற்களஞ்சியத்தின் ஓரத்திலேயே வாழ்ந்த தோட்டத் தமிழன், பெரும்பாலும் கடல் கடந்து வந்த ரங்கூன் அரிசியைத்தான் வாங்கி உண்டான்.

நேயர்களே, இந்தப் புழுங்கலரிசியைப் பற்றி ஒரு மருத்துவச் செய்தி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிதும் வாட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு இரையாயினர். ஆனால் தமிழ்த் தொழிலாளரிடையே அது குறைவாகவே காணப்பட்டது. காரணம் என்ன? டாக்டர் பிராடன் என்பவர் இருவரும் உண்ட அரிசியை ஒப்பிட்டு 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பச்சரிசியில் ஏதோ நச்சு சேர்கிறது என அவர் கருதினார். அந்த விளக்கம் தவறு. ஆயினும் அவர் கண்ட வேறுபாடு உண்மை.

அதன் பின்னர், பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஏறக்குறைய 300 ஜாவானியச் சாலைத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். பச்சரிசி உண்டவரிடையே நோய் தோன்றியது, மற்றவரிடையே தோன்றவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. அந்தச் சத்து தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. அதை 1926ஆம் ஆண்டு பத்தாவியாவில் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அறிவியல் பெயர் சூட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நெல் அவித்த நம் முன்னோர் அந்தச் சத்தைக் காத்து வைத்திருந்தனர். பழக்கம் என்று நாம் அலட்சியமாகச் சொல்வது சில வேளைகளில் உயிர் காக்கும் அறிவாகவும் இருக்கிறது.

இனித் தோட்டத்தில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். குளிர்ச்சியான அதிகாலையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, வெறும் வயிற்றோடு அல்லது ஒரு மங்கு கோப்பியோடு வேலைக்காட்டுக்குப் போக வேண்டும். தூக்குச்சட்டியில் முதல் நாள் சோற்றில் நீர் ஊற்றிய பழையது இருக்கும். கடித்துக்கொள்ள வெங்காயம், பச்சை மிளகாய், சுட்ட கருவாடு. மரம் வெட்டி முடித்து, பால் எடுக்கும் முன்பு கிடைக்கும் சிறிது நேரத்தில், மர நிழலில் அமர்ந்து அதை உண்பார்கள். மாலையில்தான் அடுப்பில் உலை கொதிக்கும். ஆணைப் போலவே பால் வெட்டித் திரும்பிய பெண்தான் அம்மியில் மசாலையும் அரைக்க வேண்டும்.

அந்த மசாலைக்கு உரிய பணம் எவ்வளவு? 1920களில் அரசாங்கம் ஒரு தொழிலாளியின் மாதச் செலவை, அரிசி முதல் கறிச்சரக்கு, துணி வரை பட்டியலிட்டு, அதன் அடிப்படையில் நிலையான கூலி விகிதம் வகுத்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றாயிற்று. ஒரே மரம், ஒரே உளி, கூலி மட்டும் வேறு! 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. பலர் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கும் குடும்பத்துக்கு, ஒரு காசு குறைந்தாலும் பருப்பு குறையும். பருப்பு குறைந்தால் குழம்பு நீர்க்கும்.

இந்த இடத்தில்தான் அடுப்படிப் பெண்ணின் அறிவு துணைக்கு வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் இயற்றிய தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்றது. அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். எனினும் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடைத்தால் போதும், முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் கத்திரியும் அங்கே முளைத்துவிடும். மாட்டுக்கொட்டகை உள்ள வீட்டில் தயிரும் மோரும் இருக்கும். கடையில் வாங்கியது பாதி, கொல்லையில் பறித்தது பாதி என்று குழம்பு கூடியது.

மூன்றாவதாக ஒரு பங்கும் இருந்தது. அதுதான் அண்டை அயலாரிடமிருந்து கற்றது. மலாய்க்காரர் கம்பத்தில் உண்ட கங்கோங் கீரை, தமிழரின் பொரியலாயிற்று. ஓடைக்கரையில் முளைக்கும் பரணிக் கொழுந்து, மூங்கில் குருத்து, மணம் தூக்கும் பெத்தாய்க் கொட்டை, இளம் பலாக்காய் யாவும் நம் சட்டிக்குள் வந்தன. இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த பெலாச்சானை முதலில் முகர்ந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள்கூட, சில ஆண்டுகளில் அதில்லாமல் சம்பல் அரைக்க மாட்டோம் என்றார்கள். நன்னீர் மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் புளிக்கவைக்கும் பெக்காசாம் கெடா மலாய்க்காரரின் தனிச் சுவை. கருவாடு பழகிய தமிழன் நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. சீனரின் கடையிலிருந்து தௌகே, தவு, மீ ஆகியவை வந்தன. கருவாட்டுக் குழம்பிலும் மீன் கறியிலும் புளி ஊரில் பழகியது. தேங்காய்ப் பாலின் அளவு இந்த மண்ணில் கூடியது.

இதை ஒருவழிக் கடன் என்று எண்ணிவிடாதீர்கள். மலாய் மொழி நம்மிடமிருந்து பெற்ற சொற்களைக் கவனியுங்கள். கறி அவர்கள் வாயில் காரி, ஆப்பம் அங்கே அப்பம், புட்டு அங்கே புத்து, தோசை அங்கே தோசே, கஞ்சி, கஞ்சியே. கடை என்பது கெடாய் ஆயிற்று. வடபகுதி மலாய்க்காரர் மாம்பழத்தை மெம்பெலாம் என்பது நம் மாம்பழமே அன்றோ? நாமும் சும்மா இருக்கவில்லை. சுங்கை பெத்தானி என்னும் மலாய்ப் பெயரைச் சுங்கைப் பட்டாணி ஆக்கி, ஊரையே ஓர் உணவுப் பண்டமாக்கிவிட்டோம்!

இப்படி நிதானமாக வளர்ந்து வந்த சமையலை ஒரே நாளில் புரட்டிப்போட்டது போர். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. சில நாட்களுக்குள் கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் உடைந்தது. வெள்ளைக்கார நிர்வாகிகள் தோட்டங்களை விட்டுப் போய்விட்டனர். ரப்பர் வாங்க ஆளில்லை, கூலி இல்லை. பர்மாவின் அரிசிக் கப்பலும் நின்றது. 1943 அக்டோபரில் கெடாவின் ஆட்சி தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி மாறியதே தவிர லயத்தில் பசி மாறவில்லை.

ரப்பர் மரங்களுக்கு இடையிலும், வெட்டிய காட்டிலும், லயத்து முற்றத்திலும் மரவள்ளிக் குச்சியை நட்டார்கள். குச்சியை ஒடித்து ஊன்றினால் முளைக்கும், எருவும் வேண்டாம், ஓராண்டுக்குள் கிழங்கு விடும். காலையில் அவித்த கிழங்கு, பகலில் கிழங்கு மாவுக் கூழ், இரவில் கிழங்கோடு கீரை. கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கிட்டாத இடங்களில் செம்பனை எண்ணெயைக் காய்ச்சிப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் கிழங்கு வயிற்றை நிரப்புமே தவிர உடலைத் தாங்காது. அதில் மாவுச்சத்து மிகுதி. புரதமும் பி1 உயிர்ச்சத்தும் சொற்பம். ஆகவே, ஒரு காலத்தில் புழுங்கலரிசி விலக்கி வைத்த அதே வீக்கம் இப்போது தோட்டத்துக்குள் நுழைந்தது. கசப்புக் கிழங்கில் சயனைடு நஞ்சும் உண்டு. தோலை உரித்து, நறுக்கி ஊறவைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தப் பக்குவத்தைப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தனர். கிழங்கின் கொழுந்திலையை நன்றாக வேகவைத்து உண்டவர்களுக்கு, கிழங்கில் இல்லாத புரதம் ஓரளவு கிடைத்தது. முருங்கைக் கீரை அந்த நாளில் ஒரு மருந்துக் கடையாக விளங்கியது.

இந்தப் பசிக்கு நடுவில்தான் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். நல்ல கூலி, சோறு உண்டு என்று சொல்லியும், வலுக்கட்டாயமாகவும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழரைக் கொண்டுபோயினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. வீட்டில் மரவள்ளிச் சட்டியின் முன்னே அமர்ந்தவர்கள், அந்தத் திரும்பாதவரின் பங்கையும் எண்ணிக்கொண்டுதான் உண்டார்கள். நம் பாட்டி தட்டைத் தள்ளிவிட்டதன் பொருள் இப்போது புரிகிறதல்லவா?

போர் முடிந்தது. அரிசி பங்கீட்டு முறையில் வந்தது. தோட்டங்களில் கள்ளுக்கடைகளும் மீண்டும் நடந்தன. உரிமம் பெற்று நடத்திய இக்கடைகளில், மாதக் கூலியில் ஒரு பங்கு, வீட்டுக்கு வருமுன்பே கரைந்துவிடும். கள் விற்ற காசு என்பது குழந்தையின் பால் காசு. குழம்பின் பருப்புக் காசு. இதைக் கண்டு கொதித்த இளைஞர்கள் கெடாவில் தொண்டர் படை அமைத்தார்கள். பீடோங் அருகேயிருந்த ஹார்வர்டு தோட்டம் அதன் நடுவிடம், ஏ. எம். சாமி என்பவர் தலைவர். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் நடந்தது. போலீசாருடன் மோதல் மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. தலைவர்கள் கைதாயினர்; வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. இதைத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு பகுதியாக மட்டும் படிக்கிறோம். அடுப்படியிலிருந்து பார்த்தால், கூலிக்காசு எந்தச் சட்டிக்குப் போக வேண்டும் என்பதற்காக நடந்த போராட்டமாகவும் அது தெரியும்.

மறு ஆண்டே, 1948 ஜூன் மாதத்தில், அவசரகாலச் சட்டம் பிறந்தது. 1960 வரை அது நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுப்பது அரசின் முக்கிய உத்தி. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி இட்டனர். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது என்ற தடை பல இடங்களில் வந்தது. வாயிலில் தூக்குச்சட்டியைத் திறந்து சோதித்தார்கள். தகர டப்பா உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும்; அப்படிச் செய்தால் அதைப் பதுக்கி வைக்க முடியாது. சில பகுதிகளில் வீட்டுக்கு அரிசியே தராமல், பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோற்றைப் பங்கிட்டார்கள். வடித்த சோறு விரைவில் கெட்டுவிடும் அல்லவா? பழையது கட்டிக்கொண்டு போய் மர நிழலில் உண்ட அந்தச் சிறிய சுதந்திரமும் இவ்வாறு சில காலம் பறிபோயிற்று.

இனி நகரத்து உணவுக் கடைகளைப் பார்ப்போம். தோட்டத்துத் தமிழர் வருமுன்பே கெடாவின் துறைமுகங்களில் தமிழ் முஸ்லிம் வணிகர் இருந்தனர். சூலியர் என்று அவர்களை அழைத்தார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியபோது, கெடாவிலிருந்து சூலியர் பலர் அங்கே குடியேறினர். பின்னாளில் அந்தத் தீவின் துறைமுகத் தொழிலாளருக்கு, தோளில் தடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகச் சுமந்து விற்றார்கள் தமிழ் முஸ்லிம்கள். தோளில் தடி வைத்துச் சுமப்பதற்கு மலாய் மொழியில் கண்டார் என்று பெயர். அதுவே நாசி கண்டார் ஆயிற்று. பினாங்கிலிருந்து அது கெடாவின் நகரங்களுக்குப் பரவியது. இன்று அலோர் ஸ்டாரில் அந்தக் கடைகளுக்கென்று தனிப் புகழ் உண்டு. அங்கே ஒரு தட்டில் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அருகருகே அமர்ந்து உண்பார்கள்.

தமிழ் இந்துக்களின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நகரத்தின் மற்றொரு அடையாளம். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து பேருந்தேறி வந்த குடும்பத்துக்கு, இலையில் பரிமாறும் சோறும் ஒரு துண்டு வறுத்த மீனும் மாதத்துக்கு ஒரு திருவிழா. அந்த மீன் பெரும்பாலும் கெடாவின் கடற்கரையிலிருந்தே வந்திருக்கும். கோலா மூடாவில் மீன் ஏலம் ஒரு விந்தையான முறையில் நடப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாங்குபவர் விற்பவரின் காதில் விலையை மெதுவாகச் சொல்வார். அதனால் அதற்குப் 'பசார் பீசிக்', அதாவது கிசுகிசுச் சந்தை, என்று பெயர்.

இதற்கிடையில் தோட்டத்தின் தலையெழுத்து மாறிக்கொண்டிருந்தது. 1950களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். வேலையும் லயமும் கொல்லையும் ஒருசேரப் போயின. அதைத் தடுக்கவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம், ஆண்டு 1961. பற்றுக் கணக்கில் வாழ்ந்தவர்கள் சாப்பாட்டுச் செலவைச் சுருக்கிக் கட்டிய பங்குப் பணம் அது. வட கெடாவில் 1970இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறியது. ஏறக்குறைய 96,000 ஹெக்டரில் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளையத் தொடங்கியது. ஆனால் தென் கெடாவின் ரப்பர் மரங்கள் படிப்படியாகச் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டன. மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

புதிய வீட்டில் எரிவாயு அடுப்பும் குளிர்பெட்டியும் இருக்கின்றன. நல்லதே. விறகுப் புகையில் கண் கெட்ட காலம் திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டின் பின்புறம் சிமிட்டித் தரை. முருங்கையும் இல்லை, கீரைப் பாத்தியும் இல்லை. எந்தப் பரணிக் கொழுந்தை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்பதைப் பேத்திக்குக் காட்ட அருகில் ஓடையும் இல்லை. கண்ணால் கண்டு, கையால் பறித்து, நாக்கால் கற்ற ஓர் அறிவு, எழுத்தில் ஏறாமலேயே மறைந்து வருகிறது. போர்க்காலத்தை அடுப்படியில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்களும் போய்விட்டால், மரவள்ளி வெறும் கிழங்காகிவிடும்.

ஆதலால், நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தவரிடம் சமையற் குறிப்பை மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், எந்த அடுப்பில் அதைச் சமைத்தீர்கள் என்றும் கேளுங்கள். அரிசி எங்கே வாங்கினீர்கள், பற்று எவ்வளவு நின்றது, கொல்லையில் என்ன நட்டீர்கள், பக்கத்துக் கம்பத்தில் யாரிடமிருந்து எதைக் கற்றீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேசும் சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி, நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். நிர்வாகி எழுதிய தோட்டக் கணக்கில் எத்தனை பவுண்டு ரப்பர் கிடைத்தது என்பது இருக்கும். அந்த ரப்பரை எடுத்தவர் அன்று இரவு என்ன உண்டார் என்பது இருக்காது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

சுங்கைப் பட்டாணிக் கடையில் விட்டுவந்த அந்த மேசைக்குத் திரும்புவோம். பேரன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேசாமல் உண்டுவிடலாம். அல்லது, "பாட்டி, அந்தக் காலத்தில் இதை எப்படி அவித்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால், பாட்டி கிழங்கை உண்ணாமற் போனாலும், கதையைச் சொல்லத் தொடங்குவார்.